ஏழு கொலையும் எங்கள் மொட்டை மாடியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரம்பூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மாதம் ஒரு சனிக்கிழமை படம் போடுகிறோம். முப்பது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பழைய புரொஜெக்டர், வெள்ளை அடித்த தண்ணீர்த் தொட்டிச் சுவர், அவ்வளவுதான். விஷால் பரத்வாஜ் இயக்கிய ‘சாத் கூன் மாஃப்’ படத்தை இதுவரை இரண்டு முறை போட்டிருக்கிறோம். வேறு எந்தப் படத்துக்கும் இத்தனை கேள்விகள் வந்ததில்லை. படியிறங்கும்போது ஆரம்பித்து, மறுநாள் பால் வாங்கப் போகும் இடம் வரைக்கும் துரத்தினார்கள். மூன்றாவது முறை போடுவதற்கு முன்னால் எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது.

இது என்ன மாதிரி படம்?

2011 பிப்ரவரி 18 அன்று வெளியான இந்திப் படம். சூசன்னா என்கிற ஆங்கிலோ இந்தியப் பெண். பாண்டிச்சேரியில் பெரிய வீடு, குதிரை லாயம், அப்பா விட்டுப்போன சொத்து. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான், தன்னை உண்மையாக நேசிக்கிற ஒரு கணவன். கல்யாணம் செய்கிறாள், ஆள் சரியில்லை என்று தெரிகிறது, ஆள் போய்ச் சேருகிறான். மறுபடியும் கல்யாணம். பிரியங்கா சோப்ரா இருபது வயதிலிருந்து அறுபதைத் தாண்டும் வரை வருகிறார். இருட்டான படம், ஆனால் இடையிடையே சிரிப்பு வரும். சிரித்துவிட்டோமே என்று பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்க்க வைக்கும் சிரிப்பு.

தலைப்புக்கு என்ன அர்த்தம்?

‘ஏழு கொலை செய்தாலும் மன்னிப்பு’ என்று வைத்துக்கொள்ளலாம். ரொம்பச் செல்லமான ஆளை, ‘உனக்கு ஏழு கொலை வரைக்கும் மாப்பு’ என்று இந்திக்காரர்கள் சொல்வது வழக்கம். சௌகார்பேட்டையிலிருந்து வரும் நண்பர் சொன்னார், அவருடைய பாட்டி கடைசிப் பேரனைப் பற்றி இப்படித்தான் பேசுவாராம்.

எனக்கு இந்தி தெரியாதே?

ஆங்கில சப்டைட்டில் ஓடும். அதுவும் சிரமம் என்றால் ரயில்வே குவார்ட்டர்ஸ்காரர் யார் பக்கத்திலாவது உட்காருங்கள். வடக்கே நாலு இடம் மாற்றலாகி வந்தவர்கள். கேட்காமலே மொழிபெயர்ப்பார்கள், கொஞ்சம் சத்தமாகவே.

இது உண்மையில் நடந்ததா?

இல்லை. ரஸ்கின் பாண்ட் எழுதிய ‘சூசன்னாவின் ஏழு கணவர்கள்’ என்கிற சின்னச் சிறுகதைதான் மூலம். டெல்லிப் பக்கம் கிராண்ட் டிரங்க் ரோட்டு ஓரத்தில் இருக்கும் ஒரு கல்லறையில் அந்தக் கதை தொடங்குகிறது. பரத்வாஜ் கேட்டுக்கொண்டதால் பாண்ட் அதையே ஒரு குறுநாவலாக விரித்து எழுதிக் கொடுத்தார். அதிலிருந்து பரத்வாஜும் மாத்யூ ராபின்ஸும் திரைக்கதை அமைத்தார்கள். பாண்டும் படத்தில் ஒரு நிமிடம் பாதிரியாராகத் தலை காட்டுகிறார். யாரும் கவனிக்க மாட்டார்கள், நான் நிறுத்திக் காட்டுவேன்.

உண்மையில் நடந்ததுதான் வேண்டும் என்றால் அமெரிக்காவுக்குப் போக வேண்டும். இண்டியானா மாநிலத்தில் லா போர்ட் என்கிற ஊர். நார்வேயிலிருந்து வந்து குடியேறிய பெல் கன்னஸ் என்ற விதவை, துணை தேடுவதாகப் பத்திரிகையில் விளம்பரம் கொடுப்பாள். பணத்தோடு வந்த ஆண்கள் திரும்பிப் போகவில்லை. 1908 ஏப்ரலில் அவளுடைய பண்ணை வீடு எரிந்தது. சாம்பலில் தலையில்லாத ஒரு பெண்ணின் உடல் கிடைத்தது. அது அவள்தானா, வேறு யாரையாவது போட்டுவிட்டு அவள் ஓடிப்போனாளா என்பது இன்றைக்கும் தீரவில்லை. சூசன்னா கதையிலும் எரிந்த வீடு வருகிறது, எரிந்த எலும்பும் வருகிறது. ஆனால் பெல் கன்னஸ் பணத்துக்காகச் செய்தாள். சூசன்னாவிடம் பணம் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டு பேரையும் ஒரே கூடையில் போடுகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு.

கணவர்கள் யார் யார்? (கதை தெரியக் கூடாது என்பவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்)

முதல் ஆள் மேஜர் எட்வின், நீல் நிதின் முகேஷ். கால் போன ராணுவக்காரர், சந்தேகப் பேய். வேட்டைக்குப் போன இடத்தில் சிறுத்தை வாயில் முடிகிறார். அடுத்தது ஜிம்மி, ஜான் ஆபிரகாம். பாடகன், போதைக்காரன், அந்தப் போதையிலேயே போகிறான். மூன்றாவது இர்ஃபான் கான். பகலில் கவிதை, இரவில் அடி. காஷ்மீர்ப் பனிக்குள் புதைகிறார். நான்காவது ரஷ்யாக்காரர் விரான்ஸ்கி. உளவாளி, இன்னொரு குடும்பமும் வைத்திருக்கிறார். அவருக்குப் பாம்பு. ஐந்தாவது அன்னு கபூர், போலீஸ் இன்ஸ்பெக்டர். கேஸை மூடிவிட்டு அதற்குக் கூலியாக அவளையே கேட்கிறவர். வயாகரா மாத்திரை அளவு மீறிப் போகிறது. ஆறாவது நசீருதீன் ஷா, காளான் வளர்க்கும் வங்காள டாக்டர். இவர் மட்டும் முந்திக்கொண்டு அவளையே கொல்லப் பார்க்கிறார்.

ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அவள் பேரை மாற்றிக்கொள்கிறாள். கவிஞருக்கு சுல்தானா, ரஷ்யாக்காரருக்கு அன்னா. உடுப்பு, சாப்பாடு, வீட்டுச் சாமான் எல்லாம் சேர்ந்து மாறும். இரண்டாவது முறை பார்க்கும்போது அந்த வீட்டின் கூடத்தை மட்டும் கவனியுங்கள், யார் ஆட்சி நடக்கிறது என்று சொல்லிவிடலாம்.

ஆறு பேர்தானே? ஏழாவது எங்கே?

கடைசிப் பத்து நிமிடத்தில். அவள் கன்னியாஸ்திரி ஆகிறாள். ஏழாவது கணவர் இயேசு. நற்கருணைத் திராட்சை ரசம் அவருடைய ரத்தம் என்றால், ஏழாவது ரத்தத்துக்கும் கணக்கு சரியாகிவிடுகிறது. எங்கள் மாடியில் இந்த இடத்தில் இரண்டு முறையும் யாரும் பேசவில்லை. லூர்து மாதா கோயில் பக்கத்தில் குடியிருக்கிறோம், பாதிப் பேர் அங்கே பூசைக்குப் போகிறவர்கள். கோபப்படுவார்களோ என்று பயந்தேன்.

கோபப்படவில்லை. எதிர் வீட்டு ஆன்ட்டி மட்டும் இறங்கும்போது, “தோபித்து ஆகமம் படிச்சிருக்கியா நீ?” என்று கேட்டார். படித்ததில்லை. வீட்டுக்குக் கூட்டிப் போய், பிளாஸ்டிக் உறை போட்ட பைபிளைப் பிரித்து மூன்றாம் அதிகாரத்தில் விரல் வைத்தார். சாரா என்கிற பெண். ஏழு முறை கல்யாணம், ஏழு மாப்பிள்ளைகளும் முதல் இரவிலேயே சாகிறார்கள். கொன்றது ஒரு பேய், ஆனால் வேலைக்காரப் பெண் முதற்கொண்டு எல்லோரும் சாராவைத்தான் பழிக்கிறார்கள். சாகலாமா என்று யோசித்து, அப்பாவுக்கு அவமானம் வருமே என்று நிறுத்திக்கொள்கிறாள். இந்த ஆகமம் கத்தோலிக்கர் பைபிளில் உண்டு, சீர்திருத்த சபைக்காரர்களின் பைபிளில் இருக்காது. அதனால் எங்கள் கூட்டத்தில் சி.எஸ்.ஐ. ஆட்களுக்கு இது புதுச் செய்தி. படத்தை எடுத்தவர்கள் இதை மனதில் வைத்தார்களா என்பது வேறு விஷயம். ஆன்ட்டி மனதில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. இப்போது சூசன்னாவை ‘அந்த சாரா’ என்றுதான் சொல்கிறார்.

சட்டைக்காரர்களை இப்படித்தான் காட்ட வேண்டுமா?

நியாயமான கேள்வி. ஆங்கிலோ இந்தியர்களைக் குறிக்கும் அந்த வார்த்தையே பலருக்குப் பிடிக்காது, இருந்தாலும் கேட்டவர் கேட்டபடியே எழுதியிருக்கிறேன். பெரம்பூரும் வேப்பேரியும் ராயபுரமும் ஒரு காலத்தில் ஆங்கிலோ இந்தியர்கள் நிறைந்திருந்த பகுதிகள். 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியதிலிருந்து, டிரைவர், கார்டு, ஃபோர்மேன் என்று ரயில்வேயின் முதுகெலும்பாக இருந்தவர்கள் அவர்கள். அப்புறம் ஆஸ்திரேலியா, கனடா என்று கிளம்பிப் போனார்கள். மக்களவையில் அவர்களுக்கென்று வைத்திருந்த இரண்டு நியமன இடங்களும் 2020 ஜனவரியில் 104-வது திருத்தத்தோடு முடிந்துவிட்டன.

நம் சினிமாவில் அவர்கள் எப்படி வந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கவுன் போட்ட கிளப் டான்ஸர், உடைந்த தமிழ் பேசும் குடிகாரர், இல்லாவிட்டால் வில்லனின் காதலி. அந்த வரிசையில் ‘கொலைகாரி’ வேறு சேர வேண்டுமா என்பதுதான் மனக்குறை. நான் சொல்வது இது: சூசன்னாவைப் படம் அலங்காரத்துக்கு வைக்கவில்லை, கதையே அவளுடையது. ஆனால் அவளை ஆங்கிலோ இந்தியர் என்று சொல்லிவிட்டு, அந்தச் சமூகத்தின் ஆள் ஒருவரைக்கூட அவளைச் சுற்றிக் காட்டவில்லை. சித்தி, மாமா, ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் சோறும் ‘பால் கறி’ என்கிற கைமா உருண்டைக் குழம்பும், கிறிஸ்துமஸுக்குக் குல்குல் சுடுவது, எதுவும் இல்லை. எங்கள் தெருவில் ஒரு ஆங்கிலோ இந்தியப் பெண் இரண்டாவது கல்யாணம் செய்தாலே பதினெட்டு ஆன்ட்டிகள் விசாரிப்பார்கள். ஆறு கல்யாணம் வரைக்கும் போக விட்டிருக்க மாட்டார்கள்.

ஆன்ட்டியிடமே கேட்டேன். “நாங்க எங்க மேன் ஆறு பேரக் கொல்றது? ஒருத்தனுக்கு டிபன் கட்டிக் குடுக்கவே நேரம் பத்தல” என்றார்.

விவாகரத்து வாங்கியிருக்கலாமே? எதற்குக் கொலை?

அதிகம் வந்த கேள்வி இதுதான். ஆண்கள்தான் கேட்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

படத்துக்குள்ளேயே இந்தக் கேள்வி கேட்கப்படுகிறது, அதற்கு ஒரு குட்டிக் கதை பதிலாக வருகிறது. சின்ன வயதில் சூசன்னா பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு நாய் மிரட்டும். வேறு பிள்ளையாக இருந்தால் வேறு தெருவில் போயிருக்கும். அவள் அப்பாவின் துப்பாக்கியை எடுத்து வந்து நாயைச் சுட்டுவிட்டாள். வழியை மாற்ற மாட்டாள், அதுதான் அவள்.

சட்டம் என்ன சொன்னது என்பதையும் பார்க்க வேண்டும், இதை யாரும் யோசிப்பதில்லை. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் வருடத்து விவாகரத்துச் சட்டம். அதன்படி மனைவிக்கு இன்னொருவரோடு தொடர்பு என்று கணவன் நிரூபித்தால் போதும், விலக்கு கிடைக்கும். மனைவி கேட்டால் அது மட்டும் போதாது. தொடர்பும் இருக்க வேண்டும், அதோடு சேர்ந்து கொடுமையோ, விட்டுவிட்டு ஓடியதோ மாதிரி இன்னொன்றும் இருக்க வேண்டும். வெறும் அடி உதைக்கு விவாகரத்து கிடையாது. இருவரும் சம்மதித்துப் பிரியும் வழியும் கிடையாது. இதெல்லாம் மாறியது 2001-இல்தான். கத்தோலிக்கத் திருச்சபையோ விவாகரத்தை ஏற்பதே இல்லை. மேஜர் எட்வினைக் கட்டிய சூசன்னா அந்தக் காலத்தில் வக்கீலிடம் போயிருந்தால், “சந்தேகப்படுகிறார், அடிக்கிறார் என்பதெல்லாம் போதாதும்மா, வேறு பெண் யாராவது உண்டா?” என்றுதான் கேட்டிருப்பார்.

கொலை சரி என்று நான் சொல்லவில்லை. கதவு திறந்துதானே இருந்தது என்று சொல்கிறவர்கள், எந்தக் கதவு என்று கொஞ்சம் காட்டட்டும்.

புருஷனைக் கொல்கிற கதையெல்லாம் நம்ம பண்பாட்டுக்கு ஒத்துவருமா?

இதற்குத்தான் நான் காத்துக்கொண்டே இருப்பேன்.

ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று குண்டலகேசி. நாதகுத்தனார் எழுதியது, நமக்குக் கிடைத்திருப்பது பத்தொன்பது பாட்டுகள்தான், ஆனால் கதை தெரியும். பணக்கார வீட்டுப் பெண். கொலைக்களத்துக்கு இழுத்துப் போகும் திருடனை மாடியிலிருந்து பார்த்து ஆசைப்பட்டு, அப்பாவைக் கெஞ்சி மீட்டுக் கட்டிக்கொள்கிறாள். ஒருநாள் அவன் அவளை மலை உச்சிக்குக் கூட்டிப் போகிறான், தள்ளிவிட. தெரிந்துகொண்டவள், “கடைசியாக உங்களை வலம்வந்து கும்பிட்டுக்கொள்கிறேன்” என்று சுற்றி வந்து, பின்னாலிருந்து ஒரே தள்ளு. அப்புறம் துறவியாகிறாள். கணவனைக் கொன்றவள், கடைசியில் பிக்குணி. சூசன்னாவின் பாதை அப்படியே இருக்கிறதா இல்லையா?

இதையே 1950-இல் ‘மந்திரிகுமாரி’ என்று எடுத்தார்கள். கருணாநிதி வசனம், எம்.ஜி.ஆர். நடிப்பு. மலைக்குக் கூட்டிப் போகும்போது வரும் பாட்டை இன்றைக்கும் கல்யாணக் கச்சேரிகளில் காதல் பாட்டு என்று நினைத்துப் பாடுகிறார்கள். அது கொலைக்கு அழைக்கும் பாட்டு. மாதுரி தேவி தள்ளிவிட்டபோது பண்பாடு போச்சு என்று யாரும் கூப்பாடு போட்டதாக எங்கள் தாத்தா சொன்னதில்லை. கைதட்டினார்கள் என்றுதான் சொன்னார்.

பெரம்பூரில் அரக்கோணம் வண்டி ஏறினால் திருவாலங்காடு வரும். பக்கத்தில் பழையனூர். நீலிக் கதை நடந்த ஊர். கட்டியவனே கொன்ற பெண், பேயாகி, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவனைத் தேடி வருகிறாள். ‘இவர் என் புருஷன்’ என்று ஊர்ப் பஞ்சாயத்தில் அழுகிறாள். அந்த அழுகையை நம்பி, அவன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்து அவளோடு அவனை விட்டுவைத்த எழுபது வேளாளர்கள், அவள் அவனைக் கொன்றதும் வாக்குத் தவறியதற்காகத் தீயில் இறங்கினார்கள் என்பது கதை. வருடம் முழுக்க ‘நீலிக் கண்ணீர்’ என்று திட்டுகிறோம், அவளை முதலில் கொன்றது யார் என்பதை மட்டும் மறந்துவிட்டோம்.

சூசன்னாவிடம் புதிதாக இருப்பது ஒன்றே ஒன்று. குண்டலகேசி ஒருவனோடு நிறுத்திக்கொண்டாள். நீலிக்கும் ஒருவன்தான் குறி. இவள் மறுபடி மறுபடி நம்புகிறாள். இர்ஃபான் கான் கவிதை சொல்லும்போது பிரியங்காவின் முகத்தைப் பாருங்கள். இரண்டு பேரைப் புதைத்தவள் என்று சொல்லவே முடியாது, பதினெட்டு வயதுப் பெண்ணின் முகம். எனக்கு வயிற்றைக் கலக்கிய இடம் கொலைகள் அல்ல, அதுதான்.

வேலைக்காரர்கள் ஏன் கூட நிற்கிறார்கள்?

மேகி, பட்லர் காலிப், வாய் பேசாத குதிரைக்காரர். இந்த மூவரும் இல்லாமல் ஒரு கொலையும் நடந்திருக்காது. முதல் தடவை காரணம் நேரடியானது, மேஜர் அந்தக் குதிரைக்காரரிடம் காட்டிய கொடூரம். அதற்குப் பிறகு காரணம் சொல்லப்படுவதே இல்லை. அவளுக்குக் கஷ்டம், இவர்கள் கிளம்பிவிடுகிறார்கள்.

என் கட்சி இதுதான், இதற்காக இரண்டு பேர் என்னோடு பேசுவதையே நிறுத்தியிருக்கிறார்கள். அவள் தேடியது அந்த வீட்டுச் சமையலறையிலேயே இருந்தது. அவளுக்காகப் பாம்பு பிடிக்கவும் குழி தோண்டவும் தயாராக இருந்தவர்கள் மூன்று பேர். கதை சொல்லும் அருண் நாலாவது. லாயத்தில் வளர்ந்த பையன், அவள் செலவில் ரஷ்யாவில் படித்தவன், வாழ்நாள் முழுக்க அவளையே நினைத்துக்கொண்டிருப்பவன். அவள் கண் வாசல் கேட்டிலேயே இருந்தது, யார் புதிதாக வருகிறார்கள் என்று. ‘அப்படியானால் வேலைக்காரர்களின் விசுவாசத்தைக் காதல் என்று சொல்கிறாயா, இது ஜமீன்தார் புத்தி’ என்பது எதிர்க்கட்சி வாதம். அதிலும் உண்மை இருக்கிறது. சம்பளம் வாங்குகிறவரின் அன்பை எடைபோடுவது லேசு இல்லை.

மேகியாக வருவது யார்? எங்கேயோ கேட்ட குரல்.

உஷா உதுப். மும்பையில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். அவர் முதன்முதலில் மேடை ஏறியது நம்ம மவுன்ட் ரோட்டில், பழைய சஃபையர் தியேட்டர் வளாகத்தின் அடித்தளத்தில் இருந்த ‘நைன் ஜெம்ஸ்’ என்கிற சின்ன கிளப்பில். சேலை கட்டிக்கொண்டு ஆங்கிலப் பாட்டு பாடினார். இந்தப் படத்தில் ரேகா பரத்வாஜோடு சேர்ந்து பாடிய ‘டார்லிங்’ பாட்டுக்கு இருவருக்கும் ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது. அதன் மெட்டு ‘கலின்கா’ என்கிற ரஷ்யப் பாட்டு, 1860-இல் இவான் லாரியோனோவ் எழுதியது. குல்சார் வரிகள்.

இன்னொரு நம்ம ஊர்க்காரரும் உண்டு. படத்தொகுப்பு ஸ்ரீகர் பிரசாத், ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்துக்குத் தேசிய விருது வாங்கியவர்.

சரி, நல்ல படமா இல்லையா?

பாதி நல்ல படம். ஆறு கணவர்களை ஒரே படத்தில் அடைத்தால் ஒவ்வொருவருக்கும் இருபது நிமிடம்கூடக் கிடைக்காது. ரஷ்யாக்காரர் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. நாலாவது ஆள் வரும்போது இவனும் எப்படிச் சாவான் என்றுதான் மாடியே எதிர்பார்க்கிறது, அவள் மனதை யாரும் நினைப்பதில்லை. ஜோசியம் சொல்கிற மாதிரி ஆளாளுக்கு யூகம். வயதான மேக்கப்பும் சில இடங்களில் முகமூடி போலத் தெரிகிறது, ஹாலிவுட்டிலிருந்து கிரெக் கேனமையே கூட்டி வந்தும்.

ஆனால் பிரியங்கா. விமர்சகர்கள் தேர்ந்தெடுக்கும் ஃபிலிம்ஃபேர் சிறந்த நடிகை விருது அந்த வருடம் அவருக்குத்தான். இர்ஃபான் வருகிற பகுதி தனிப் படமாக வந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. அவர் 2020-இல் போன பிறகு அந்தப் பகுதியை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை.

பிள்ளைகளைக் கூட்டி வரலாமா?

வேண்டாம். பெரியவர்களுக்கான படம். படுக்கையறை அடி உதை வருகிறது, அதை உட்கார்ந்து பார்ப்பது பெரியவர்களுக்கே கஷ்டம். இரண்டாவது முறை போட்டபோது ஒரு அக்கா பாதியில் எழுந்து போய்க் கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்றுகொண்டார். வேண்டுமானால் நிறுத்தட்டுமா என்று கேட்டேன். “ஓடட்டும், அவன் சாவுறத நான் பாக்கணும்” என்றார்.

இடைவேளையில் என்ன கிடைக்கும்?

டீ, பிஸ்கெட். போன தடவை ஆர்வக்கோளாறில் தெருமுனைத் தள்ளுவண்டியிலிருந்து முப்பது தட்டு காளான் வாங்கி வைத்தேன். காளான் டாக்டர் வந்த பிறகு ஒருவரும் தொடவில்லை. இந்த முறை பஜ்ஜி.